ஒரே அலைவரிசையில் பல குரல்கள்: பல பயனர்களின் சமிக்ஞைகளைப் பிரித்தறியக் கற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இந்த வழிகாட்டியின் முதல் பாதிக்குச் சதுரக் கோடு போட்ட கணக்குப் புத்தகம் ஒன்றும் பென்சிலும் போதும். பிற்பாதிக்கு ஒரு மடிக்கணினியும், அதில் பைதான் நிரல்மொழியும், எண் கணக்குகளுக்கான நம்பை (NumPy) நூலகமும் இருக்க வேண்டும். கடைசிப் படிக்கு மட்டும் விரலளவே உள்ள யு.எஸ்.பி. வானொலி ஏற்பி ஒன்றும், கப்பல் போகும் கடல் தெரிகிற ஓர் இடமும் தேவை. பினாங்கில் இருப்பவர்களுக்கு அந்த இடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

நான் பாயான் லெப்பாஸில் வானொலிக் கருவிகளைச் சோதிக்கும் பணியில் இருக்கிறேன். சனிக்கிழமை பிற்பகல்களில் பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் ஐயம் கேட்டு வீட்டுக்கு வருவார்கள். அவர்கள் அனைவரும் சொல்லிவைத்தாற்போல ஒரே இடத்தில்தான் தடுக்கி நிற்கிறார்கள். ஒரு பயனரின் சமிக்ஞையைப் படிக்க முயலும்போது, அதே நேரத்தில் அதே அலைவரிசையில் வரும் இன்னொருவரின் சமிக்ஞையை அவர்கள் இரைச்சலோடு சேர்த்து ஒதுக்கிவிடுகிறார்கள். இரைச்சலுக்கு வடிவம் கிடையாது. அடுத்த நொடி அது என்ன மதிப்பில் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு பயனரின் சமிக்ஞைக்கோ வடிவம் உண்டு, விதி உண்டு, பெரும்பாலும் அந்த விதி நமக்குத் தெரிந்தும் இருக்கிறது. தெரிந்த ஒன்றைத் தெரியாததாக நடத்துவதால்தான் பாதிக் கணக்கு வீணாகிறது என்பதை இந்தக் கட்டுரை முழுவதும் எண்களைக் கொண்டே காட்ட முயல்கிறேன்.

தைப்பூச இரவில் ஜாலான் உத்தாமா வழியாகத் தண்ணீர்மலைக்கு நடந்தவர்களுக்கு இது புதிதாக இராது. சாலையின் இருபுறமும் தண்ணீர்ப் பந்தல்கள், ஒவ்வொன்றிலும் ஒலிபெருக்கி. பக்கத்துப் பந்தலில் ஒலிப்பது நமக்கு மனப்பாடமான பாடலாக இருந்தால், அதன் அடுத்த அடி என்ன என்பதைக் காது முன்கூட்டியே அறிந்து விலக்கிவிடும்; அப்போது சற்றுத் தள்ளி, காவடிக்கு முன்னால் அடிக்கும் உறுமி மேளம் தனியாகக் கேட்கத் தொடங்கும். பக்கத்துப் பாடல் அறியாத பாடலாக இருந்தால் உறுமி அதற்குள் மூழ்கிவிடும். இரண்டு நிலையிலும் ஒலியின் அளவு ஒன்றுதான்.

பிரிப்பதற்குக் கிடைக்கும் பிடிகள்

பயனர்களைப் பிரிக்க நமக்கு நான்கு பிடிகள் உள்ளன: அலைவரிசை, நேரம், குறியீடு, இடம். ஒவ்வொருவருக்கும் தனி அலைவரிசை கொடுப்பது பழைய முறை. ஒரே அலைவரிசையில் முறை வைத்துப் பேச விடுவது நேரப் பிரிப்பு. எல்லோரையும் ஒரே நேரத்தில் ஒரே அலைவரிசையில் பேசவிட்டு, ஆளுக்கொரு எண் வரிசையால் அடையாளம் காண்பது குறியீட்டுப் பிரிப்பு. பல ஆண்டெனாக்களை வைத்து, யார் எந்தப் பக்கத்திலிருந்து எப்படி வந்து சேர்கிறார் என்பதைக் கொண்டு பிரிப்பது இடப் பிரிப்பு. முதல் இரண்டிலும் எல்லைக் கோட்டைச் சரியாகப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. பின்னிரண்டில்தான் சமிக்ஞைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. கற்க வேண்டியதும் அங்கேதான் இருக்கிறது.

முதல் படி: கையால் ஒரு கணக்கு

மீனா, குமார் என்று இரண்டு பயனர்களை வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிட்டையும் நான்கு சிறு துண்டுகளாக அனுப்புகிறார்கள். இத்துண்டுகளைச் சில்லுகள் என்பது வழக்கம். மீனாவின் குறியீடு +1, +1, +1, +1. குமாரின் குறியீடு +1, +1, +1, −1. பிட் +1 என்றால் குறியீட்டை அப்படியே அனுப்ப வேண்டும். பிட் −1 என்றால் குறிகளை மாற்றி அனுப்ப வேண்டும்.

மீனா கைப்பேசிக் கோபுரத்திலிருந்து தொலைவில் இருப்பதால் அவருடைய சமிக்ஞை 1 என்ற வீச்சோடு வந்து சேர்கிறது. குமார் அருகில் இருப்பதால் அவருடையது 3 என்ற வீச்சோடு வருகிறது. மீனா +1 அனுப்புகிறார். குமார் −1 அனுப்புகிறார். மீனாவின் பங்கு 1, 1, 1, 1. குமாரின் பங்கு −3, −3, −3, +3. இரண்டும் காற்றில் கூடி, ஆண்டெனாவில் −2, −2, −2, +4 என்று விழுகின்றன. ஏற்பிக்குத் தெரிவது இந்த நான்கு எண்கள் மட்டுமே. இவற்றைப் புத்தகத்தில் ஒரே வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாப் படிகளுக்கும் இந்த வரிசைதான் மூலப்பொருள்.

இப்போது எல்லோரும் முதலில் கற்கும் முறையைச் செய்து பார்ப்போம். மீனாவின் குறியீட்டைச் சில்லுக்குச் சில்லு பெருக்கிக் கூட்டி, நான்கால் வகுக்க வேண்டும். இதற்குப் பொருத்த வடிகட்டி என்று பெயர். −2 −2 −2 +4 = −2; நான்கால் வகுத்தால் −0.5. விடை எதிர்க்குறியில் இருப்பதால் மீனா −1 அனுப்பினார் என்று ஏற்பி முடிவு செய்யும். அது தவறு. குமாரின் குறியீட்டால் பெருக்கினால் −2 −2 −2 −4 = −10; வகுத்தால் −2.5. குமாரின் பிட் −1 என்ற முடிவு சரி.

இக்கணக்கில் இரைச்சலே சேர்க்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். இரைச்சல் சுழியமாக இருந்தும் மீனாவின் பிட் தவறாகப் படிக்கப்பட்டது. இரண்டு குறியீடுகளையும் பெருக்கிக் கூட்டினால் 1 + 1 + 1 − 1 = 2; நான்கால் வகுத்தால் 0.5. இதுவே அவற்றின் ஒட்டுறவு. குமாரின் வீச்சில் பாதி மீனாவின் விடைக்குள் கசிகிறது: 1 − 1.5 = −0.5. அருகில் இருப்பவர் தொலைவில் இருப்பவரை அமுக்கிவிடும் இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகவே 3ஜி வலையமைப்பில் கோபுரம் ஒவ்வொரு கைப்பேசியையும் நொடிக்கு 1500 முறை வலுவைக் கூட்டு, குறை என்று கட்டளையிட்டுக்கொண்டிருந்தது.

“மூன்று ஜி தான் போய்விட்டதே அண்ணே, இன்னும் இதை ஏன் படிக்க வேண்டும்?” என்று நிபோங் திபாலில் படிக்கும் ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. மலேசியாவில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டுவிட்டது. அதே டிசம்பரில் தொடங்கிய 5ஜி சேவையின் ஆண்டெனாக்களுக்குள் இதே கணக்குத்தான் வேறு உடையில் ஓடுகிறது. அதைச் சற்றுப் பின்னர் காட்டுகிறேன்.

இரண்டாம் படி: கசிவைக் கணக்கிட்டு நீக்குதல்

வந்த விடைகள் இரண்டு: −0.5, −2.5. தெரியாதவையும் இரண்டு: மீனாவின் மதிப்பு, குமாரின் மதிப்பு. மீனாவின் மதிப்போடு குமாருடையதில் பாதியைக் கூட்டினால் −0.5 வர வேண்டும். குமாரின் மதிப்போடு மீனாவுடையதில் பாதியைக் கூட்டினால் −2.5 வர வேண்டும். இடைநிலைப் பள்ளியில் நாம் தீர்த்த ஒருங்கமைச் சமன்பாடுகளைத் தவிர இதில் வேறொன்றும் இல்லை. தீர்த்தால் மீனா +1, குமார் −3. பிட் மட்டுமன்றி வீச்சும் துல்லியமாக வந்துவிடுகிறது. பயனர்கள் கூடும்போது இதை ஒட்டுறவு அணியின் (ஒட்டுறவுகளைக் கட்டம் கட்டமாக அடுக்கிய அட்டவணையின்) நேர்மாறால் பெருக்குவது என்று எழுதுவார்கள்.

குமாரின் வீச்சு 3 ஆனாலும் 300 ஆனாலும் மீனாவின் விடை மாறாது என்பது இம்முறையின் பெரிய வலிமை. செர்ஜியோ வெர்து 1986இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான், அருகில் இருப்பவர் அமுக்குவது குறியீட்டுப் பிரிப்பின் பிறவிக் குறையன்று, ஏற்பியை எளிமையாகக் கட்டியதால் வந்த குறை என்பது தெளிவாயிற்று. இங்கே நாம் செய்த நேர்மாறு முறையை அவரும் ருக்சாந்திரா லூபாஸும் 1989இல் விரிவாக ஆராய்ந்தார்கள்.

ஆயினும் இதற்கும் ஒரு விலை உண்டு. நேர்மாறைப் பெருக்கும்போது கசிவு ஒழிகிறது, இரைச்சல் பெருகுகிறது. ஒட்டுறவு 0.5 என்றால் இரைச்சலின் திறன் 1.33 மடங்காகும், ஏறத்தாழ 1.25 டெசிபெல் இழப்பு. இதைத் தாங்கிக்கொள்ளலாம். ஒட்டுறவு 0.9 என்றால் இரைச்சல் 5.26 மடங்காகிவிடும், அதாவது 7.2 டெசிபெல் இழப்பு. இரண்டு குறியீடுகளும் ஒன்றுபோலவே இருக்கும்போது அவற்றைப் பிரிக்க முயல்வது இப்படித்தான் முடியும். அதனால் நடைமுறையில், நேர்மாறு எடுப்பதற்கு முன் அணியின் மூலைவிட்டத்தில் ஒரு சிறு எண்ணைக் கூட்டுவார்கள். அந்த எண், இரைச்சலின் திறனை அந்தப் பயனரின் திறனால் வகுத்தால் கிடைப்பது. சற்றுக் கசிவை அனுமதித்து இரைச்சலைக் கட்டுக்குள் வைக்கும் சமரசம் இது. புதிதாகத் தொடங்குபவர் ஒரே ஒரு முறையை மட்டும் நிரலாக எழுதப் போகிறார் என்றால், நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

எல்லாவற்றிலும் சிறந்த முறை எது என்று கேட்டால், இருவரும் அனுப்பியிருக்கக்கூடிய நான்கு சேர்க்கைகளையும் எழுதிப் பார்த்து, வந்த வரிசைக்கு மிக அருகில் உள்ளதைத் தேர்ந்தெடுப்பதே. இருவருக்கு 4 சேர்க்கைகள். பத்துப் பேருக்கு 1024. இருபது பேருக்குப் பத்து லட்சத்துக்கு மேல். முப்பது பேருக்கு நூறு கோடியைத் தாண்டிவிடும். ஒவ்வொரு பிட்டுக்கும் இத்தனை ஒப்பீடுகள் என்பதால், இந்த முறையை மற்றவற்றை அளந்து பார்க்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: வலியவரை முதலில் படித்துக் கழித்தல்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. பந்தல் பாடலை நீக்கி உறுமியைக் கேட்பது இதுதான். குமாரின் சமிக்ஞை வலுவானது. அதை முதலில் படிக்கிறோம்: பிட் −1, வீச்சு இரண்டாம் படியில் கண்ட 3. பிறகு குமார் அனுப்பியதை நாமே மறுபடியும் உருவாக்குகிறோம்: −3, −3, −3, +3. இதை வந்த வரிசையிலிருந்து கழிக்க வேண்டும். −2 இலிருந்து −3ஐக் கழித்தால் 1. இப்படியே மூன்று சில்லுகள். 4 இலிருந்து 3ஐக் கழித்தால் 1. மிஞ்சியது 1, 1, 1, 1. மீனாவின் குறியீடு கண்முன்னே தெளிவாக நிற்கிறது. மாணவர்கள் தங்கள் கையால் இந்தக் கழித்தலைச் செய்து முடித்ததும் ஒரு கணம் பேசாமல் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கணத்துக்காகவே நான் இதை எப்போதும் கணினியில் காட்டாமல் காகிதத்தில் செய்ய வைக்கிறேன்.

இப்போது வேண்டுமென்றே ஒரு தவறைச் செய்யுங்கள். குமாரின் பிட்டை +1 என்று தவறாக முடிவு செய்ததாக வைத்துக்கொண்டு கழியுங்கள். மிஞ்சுவது −5, −5, −5, +7. கூட்டி வகுத்தால் −2. குறுக்கீடு நீங்குவதற்கு மாறாக இரட்டிப்பாகிவிட்டது. மீனாவின் பிட் மீள வழியில்லை. ஆகவே இம்முறையில் வரிசை முக்கியம்: எவர் மிகவும் நம்பகமாகப் படிக்கப்படுகிறாரோ அவரையே முதலில் படிக்க வேண்டும். பிழைதிருத்தக் குறியீடு இருந்தால், அதைக் கொண்டு வலியவரின் பிட்டுகளைத் திருத்திய பிறகே மறு உருவாக்கம் செய்ய வேண்டும். இரண்டு பயனர்களும் ஏறத்தாழச் சம வலுவோடு வந்தால் இம்முறை தடுமாறும்; அங்கே இரண்டாம் படியின் முறையே கைகொடுக்கும்.

நான்காம் படி: நேரத்தையும் கட்டக் கோணத்தையும் பிடித்தல்

காகிதக் கணக்கில் இரண்டு பயனர்களின் சில்லுகளும் ஒரே கணத்தில் வந்து விழுந்தன. உண்மையான வானலையில் அப்படி நடப்பதில்லை. ஜார்ஜ்டவுனிலிருந்து பட்டர்வொர்த்துக்குச் செல்லும் பெர்ரியில் அமர்ந்திருப்பவரின் 4ஜி கைப்பேசி, ஜார்ஜ்டவுன் கரையில் உள்ள ஒரு கோபுரத்தோடு பேசுகிறது என்று கொள்ளுங்கள். அக்கரை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவு. கோபுரத்தின் அலை கைப்பேசியை அடைய 10 மைக்ரோ நொடி. அதைக் கேட்டுக் கைப்பேசி அனுப்புவது திரும்பி வர இன்னொரு 10. ஆக, கரையில் கோபுரத்தடியில் நிற்பவரின் சமிக்ஞையைவிடப் பெர்ரியில் இருப்பவருடையது 20 மைக்ரோ நொடி தாமதமாக வந்து சேரும். 4ஜி இத்தகைய தாமதத்துக்காக ஒதுக்கியுள்ள இடைவெளி வழக்கமாக 4.7 மைக்ரோ நொடி மட்டுமே. எனவே கோபுரம் அந்தக் கைப்பேசியைச் சற்று முன்கூட்டியே அனுப்பச் சொல்கிறது. இந்த முன்னகர்த்தல் 0.52 மைக்ரோ நொடிப் படிகளாக நடக்கிறது. ஒரு படி என்பது ஏறத்தாழ 78 மீட்டர். கடலைக் கடந்து முடிப்பதற்குள் நாற்பதுக்குச் சற்றுக் குறைவான படிகள் அந்தக் கைப்பேசி முன்னகர்ந்திருக்கும். பயணி அதை அறிவதில்லை.

நேரத்தை இப்படிச் சரிசெய்த பிறகும் கட்டக் கோணம் என்ற இன்னொன்று இருக்கிறது. வானலையில் ஒவ்வொரு பயனரின் சமிக்ஞையும் ஏதோ ஒரு கோணத்தில் சுழன்று வருகிறது. அதனால் நம் எண்கள் மெய்யெண்களாக இல்லாமல் கலப்பெண்களாக இருக்கும். குமாரின் சமிக்ஞையைக் கழிக்கும்போது வீச்சைச் சரியாக 3 என்று வைத்து, கோணத்தில் மட்டும் 20 பாகை பிழை செய்தால், மிச்சமாக நிற்பது 1.04. மீனாவின் சமிக்ஞையே 1தான். கழித்த பிறகும் மீனா அளவுக்கே குமார் மிஞ்சி நிற்கிறார்.

இதை நான் கற்றது என் சொந்தப் பிழையால். பல ஆண்டுகளுக்கு முன் பதிவு செய்த ஒரு சமிக்ஞையில், வலியதைக் கழித்த பின் மிஞ்சியதைத் திரையில் வரைந்து பார்த்தேன். தொடக்கத்தில் கோடு தட்டையாக இருந்தது. வலப்பக்கம் போகப் போக மீனின் வயிற்றைப் போல உப்பியது. வீச்சு மதிப்பீட்டில் பிழை என்று எண்ணி இரண்டு வாரம் அதையே மாற்றி மாற்றிப் பார்த்தேன். காரணம் ஏற்பியின் கடிகாரம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழையுள்ள கடிகாரம், 162 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 162 ஹெர்ட்ஸ் விலகலைத் தருகிறது. அதாவது கட்டக் கோணம் நொடிக்கு 162 முறை சுழல்கிறது; 20 பாகை திரும்ப மூன்றில் ஒரு பங்கு மில்லி நொடி போதும். ஒரே கோணத்தை முழுப் பதிவுக்கும் பொருத்தியதால்தான் தொடக்கத்தில் கழிந்தது, பின்னர் கழியவில்லை. மிச்சத்தின் வடிவத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்: தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே அளவில் மிஞ்சினால் வீச்சிலோ தொடக்கக் கோணத்திலோ பிழை, நேரத்தோடு வளர்ந்தால் அலைவரிசை விலகல், பிட் மாறும் இடங்களில் மட்டும் முள்ளாகக் குத்தினால் நேரப் பிழை.

ஐந்தாம் படி: குறியீட்டின் இடத்தில் ஆண்டெனா

கணக்குப் புத்தகத்தில் எழுதிய நான்கு சில்லுகளை மறுபடியும் பாருங்கள். அவற்றை நான்கு கணங்கள் என்று கொள்ளாமல் நான்கு ஆண்டெனாக்கள் என்று கொள்ளுங்கள். மீனாவின் அலை நான்கு ஆண்டெனாக்களையும் +1, +1, +1, +1 என்ற விகிதத்தில் அடைகிறது. குமாரின் அலை +1, +1, +1, −1 என்ற விகிதத்தில் அடைகிறது. கணக்கில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பொருத்த வடிகட்டி, நேர்மாறு, மூலைவிட்டத்தில் கூட்டும் சமரசம், கழித்தல் ஆகிய நான்கும் அப்படியே பொருந்தும்.

மாறுவது ஒன்றே. குறியீட்டை நாம் தேர்ந்தெடுத்தோம். ஆண்டெனா விகிதங்களையோ கட்டடங்களும் மரங்களும் தொலைவும் தீர்மானிக்கின்றன. ஆகவே அவற்றை அளந்தறிய வேண்டும். ஒவ்வொரு கைப்பேசியும் இருதரப்புக்கும் முன்பே தெரிந்த ஒரு வரிசையை இடையிடையே அனுப்புகிறது. வந்ததைத் தெரிந்ததோடு ஒப்பிட்டால் விகிதம் கிடைக்கும். கோலாலம்பூரின் நடுவில் உயரக் கட்டடங்களில் மோதிச் சிதறி வரும் அலைகள் தொல்லை தருவதாகத் தோன்றினாலும், ஒவ்வொரு பயனருக்கும் வெவ்வேறான விகித வரிசையை அமைத்துத் தருவதன் மூலம் அவை பிரித்தறிதலுக்கு உதவுகின்றன. வெட்டவெளியில் ஒரே திசையில் அருகருகே நிற்கும் இருவரைப் பிரிப்பதே கடினம். அங்கே ஒட்டுறவு 0.9ஐ எட்டி, இரண்டாம் படியில் பார்த்த 7.2 டெசிபெல் இழப்பைத் தரும்.

ஆண்டெனாக்களின் எண்ணிக்கையைப் பயனர்களின் எண்ணிக்கையைவிடப் பன்மடங்கு உயர்த்தினால், வரிசைகள் தாமாகவே ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும் என்பதைத் தாமஸ் மார்செட்டா 2010இல் எடுத்துக்காட்டினார். 5ஜி கோபுரங்களில் 64 ஆண்டெனாத் தடங்கள் கொண்ட பலகைகள் வந்ததற்கு அடிப்படை அந்தச் சிந்தனை.

ஆறாம் படி: மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தல்

இனி நிரல் எழுதலாம். முப்பது வரிகளுக்குள் அடங்கும். இருவருக்கும் தலா ஒரு லட்சம் பிட்டுகளைத் தற்போக்காக உருவாக்குங்கள். அவரவர் குறியீட்டால் பெருக்கி, வீச்சால் பெருக்கி, கூட்டுங்கள். இரைச்சலை இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம். இரைச்சல் இல்லாத நிலையில், குமாரின் வீச்சை 3 என்று வைத்தால், நேர்மாறு முறையும் கழித்தல் முறையும் ஒரு பிட்டைக்கூடத் தவறவிடக் கூடாது. தவறவிட்டால் நிரலில் பிழை இருக்கிறது. இந்தச் சோதனையைத் தாண்டாமல் இரைச்சலைச் சேர்ப்பவர்கள், நிரலின் பிழையை இயற்கையின் பிழை என்று நம்பிப் பல நாள்களை இழக்கிறார்கள்.

பிறகு சிறிதளவு இரைச்சலைச் சேர்த்து, மீனாவின் வீச்சை 1 என்றே வைத்துக்கொண்டு, குமாரின் வீச்சை 1 முதல் 10 வரை உயர்த்துங்கள். பொருத்த வடிகட்டியில் குமாரின் வீச்சு 2ஐத் தொடும்போது மீனாவின் பிட்டுகளில் நான்கில் ஒன்று தவறும். அதைத் தாண்டினால் இரண்டில் ஒன்று தவறும். அந்நிலையில் ஏற்பி மீனாவைக் கேட்கவே இல்லை, குமாரை இரண்டு முறை கேட்கிறது. நேர்மாறு முறையின் கோடு கிடையாக நிற்கும். கழித்தல் முறையின் கோடு தொடக்கத்தில் உயர்ந்து, குமார் வலுப்பெறப் பெறத் தாழ்ந்துகொண்டே போகும். பகைவன் வலுக்க வலுக்க நமக்கு நன்மை என்ற இந்த முடிவை நம்ப மறுக்கும் மாணவர்களிடம், தற்போக்கு எண்ணின் விதையை (வரிசையைத் தொடங்கி வைக்கும் எண்ணை) மாற்றி மறுபடியும் ஓட்டச் சொல்வேன். பிழை விகிதத்தை அளக்கும்போது குறைந்தது நூறு பிழைகளாவது எண்ணப்பட்டிருக்க வேண்டும். ஐந்தாறு பிழைகளை வைத்துக் கோடு வரையக் கூடாது.

ஏழாம் படி: பாடாங் கோத்தா கடற்கரையில்

உண்மையான சமிக்ஞைக்குப் பினாங்கு நீரிணையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கப்பல்கள் தங்கள் அடையாள எண்ணையும் இடத்தையும் வேகத்தையும் 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரு அலைவரிசைகளில், யாரும் கேட்கும்படி ஒலிபரப்புகின்றன. ஒவ்வொரு அலைவரிசையிலும் ஒரு நிமிடம் 2250 நேரத் துண்டுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. கப்பல்கள் ஒன்றையொன்று கேட்டுக் காலியான துண்டைத் தாமே தேர்ந்துகொள்கின்றன. ஆனால் ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் உள்ள இரண்டு கப்பல்கள் ஒரே துண்டைத் தேர்ந்தால், இடையில் நிற்கும் நம் ஏற்பியில் இரண்டும் மோதிக்கொள்ளும். நமக்கு வேண்டியது அந்த மோதல்.

தொடங்கும் முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் அனுமதியின்றி எந்த அலைவரிசையிலும் எதையும் அனுப்பக் கூடாது. பிறருடைய தனிப்பட்ட தகவல்தொடர்பை இடைமறிப்பது 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்கீழ் குற்றமாகும். கைப்பேசி அலைகள் பக்கம் போகவே வேண்டாம்.

யு.எஸ்.பி. ஏற்பி 8 பிட் அளவே கொண்டது; அதாவது வலுவை 256 படிகளில்தான் அளக்கும். அதன் பெருக்கத்தைக் கூட்டி வைத்தால் அருகில் உள்ள கப்பலின் சமிக்ஞை உச்சியில் வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்டதை மறு உருவாக்கம் செய்ய முடியாது, கழிக்கவும் முடியாது. ஆகவே மிக அருகில் உள்ள கப்பலும் வெட்டுப்படாத அளவுக்குப் பெருக்கத்தைக் குறைத்து, சமிக்ஞையைக் கோப்பில் பதிவு செய்யுங்கள்.

பதிவில் மோதிய துண்டு ஒன்றைக் கண்டுபிடித்ததும் ஒரு சிக்கல் எதிர்ப்படும். ஒவ்வொரு கப்பலும் தொடக்கத்தில் அனுப்பும் 24 பிட் பயிற்சி வரிசை எல்லாக் கப்பல்களுக்கும் பொதுவானது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது அதைக் கொண்டு இரண்டையும் தனித்தனியே அளக்க முடியாது. தீர்வு மூன்றாம் படியில் இருக்கிறது: வலிய கப்பலின் செய்தியை வழக்கமான முறையில் முழுவதும் படியுங்கள், அதன் 16 பிட் சரிபார்ப்பு எண் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் அந்தச் செய்தியின் எல்லா பிட்டுகளும் இப்போது நமக்குத் தெரிந்தவை. ஆகவே 24 பிட்டுக்கு மாறாக இருநூறுக்கு மேற்பட்ட பிட்டுகள் கொண்ட பயிற்சி வரிசை நம் கையில் இருக்கிறது. அதைக் கொண்டு வலியதன் வீச்சு, கோணம், அலைவரிசை விலகல், தாமதம் ஆகிய நான்கையும் மறுபடியும் துல்லியமாக மதிப்பிட்டு, மறு உருவாக்கம் செய்து கழியுங்கள். ஒவ்வொரு கப்பலின் கடிகாரமும் வேறு என்பதால் அலைவரிசை விலகலைக் கப்பலுக்குக் கப்பல் தனியாக அளக்க வேண்டும்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. மெலிய கப்பல் வலியதைவிட 10 டெசிபெல் தாழ்ந்திருந்தால், மிச்சம் அதைவிட இன்னும் 10 டெசிபெல் தாழ்ந்திருக்க வேண்டும். அப்படியானால் வலியதன் வீச்சில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சக் கூடாது. கோணப் பிழை மட்டும் இருந்தால் அது 5.7 பாகைக்குள் அடங்க வேண்டும். 26.67 மில்லி நொடி நீளமுள்ள துண்டு முழுவதும் இந்தக் கட்டுப்பாடு நிற்க வேண்டும்.

கழித்த மிச்சத்தை அதே படிப்பு நிரலுக்குள் மறுபடியும் செலுத்துங்கள். பெரும்பாலான முயற்சிகளில் சரிபார்ப்பு எண் பொருந்தாது. அப்போது மிச்சத்தை வரைந்து, நான்காம் படியில் சொன்ன வடிவங்களில் எது தெரிகிறது என்று பார்த்து, அந்த மதிப்பீட்டைத் திருத்தி மறுபடியும் கழிக்க வேண்டும். எண் பொருந்தும்போது திரையில் ஒன்பது இலக்க அடையாள எண் ஒன்று தோன்றும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் கப்பலின் நாட்டைச் சொல்லும்: 533 என்றால் மலேசியா, 525 என்றால் இந்தோனேசியா, 567 என்றால் தாய்லாந்து. அந்த எண்ணையும் நேரத்தையும், கழிப்பதற்கு முன்னும் பின்னும் இருந்த வீச்சுகளையும் கணக்குப் புத்தகத்தில் மீனா, குமார் கணக்குக்கு அடுத்த பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த மோதலைத் திருத்தும்போது எங்கிருந்து தொடங்குவது என்பதை அந்தப் பக்கமே சொல்லும்.